ரிக் வண்டியில் வந்த கல்லில் வெள்ளி தேறுமா?

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடக்கே எங்கெங்கோ போய் போர்வெல் போடுகின்றன. திரும்பி வருகிற தம்பிகள் பையில் ஏதாவது கல் இருக்கும். நிலவியல் படித்தவன் என்பதால் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். போன மாதம் வந்தவர், துண்டில் சுற்றிய கல்லை மேசையில் வைத்தபோதே 'டொக்' என்றது. எலுமிச்சை அளவுதான், ஆனால் கனம் கையை இழுத்தது.

"ஏனுங்க சார், இதுல வெள்ளி தேறுங்களா?"

உதய்ப்பூருக்குத் தெற்கே, ஜாவர் பக்கம் பழைய சுரங்கக் கழிவு மேட்டில் எடுத்தாராம். உடைந்த முகத்தில் சின்னச் சின்னக் கனசதுரப் படிகள் பளபளத்தன. பக்கத்தில் குங்கிலியம் போலப் பழுப்பாக ஒரு பட்டை. பளபளப்பது கலீனா, அதாவது ஈயமும் கந்தகமும். பழுப்பு ஸ்பேலரைட், துத்தநாகமும் கந்தகமும். நம் கிணற்று மண்ணில் மின்னுகிற காக்காப்பொன் (மைக்கா) தகடு தகடாக உரியும், எடையே இருக்காது. கலீனாவோ அதே அளவு வெங்கச்சங்கல்லை (குவார்ட்ஸ்) போல ஏறத்தாழ மூன்று மடங்கு கனம்.

இது எப்படி உருவாகிறது? பூமிக்கடியில் சூடான உப்புநீர் பாறைகளிலிருந்து உலோகத்தைக் கரைத்து, வெடிப்புகளின் வழியே நகர்கிறது. சூடு குறைகிற இடத்திலோ கந்தகம் கிடைக்கிற இடத்திலோ அதை இறக்கி வைத்துவிடுகிறது. போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் உப்பு படிகிற மாதிரிதான். நம் கிணற்றுச் சுவரில் வெள்ளைக் கோடாக ஓடும் வெங்கச்சங்கல்லும் வெடிப்பை நிரப்பியதே, பெரும்பாலும் உலோகம் இல்லாமல். ஜாவரில் பழங்காலத்தவர் துத்தநாகத்தை ஆவியாக்கிப் பிடித்தார்கள். அதற்குப் பயன்பட்ட கத்தரிக்காய் வடிவ மண் குடுவைகள் அங்கே வீட்டுச் சுவர்களில் இன்றும் இருக்கின்றன.

சரி, வெள்ளி? கலீனாவில் கொஞ்சம் வெள்ளி இருக்கலாம். அதைப் பிரிக்க ஊர்ப் பட்டறையில் கரி போட்டு ஊதலாம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அங்கேதான் எனக்குப் பயம் வந்தது. கலீனாவைச் சூடாக்கினால் கந்தகப் புகை தொண்டையை அடைக்கும். கூடவே ஈயப் புகையும் வரும், அது உடம்பில் தங்கிவிடும்.

"ஈயச் சொம்புல ரசம் வைக்கறமே சார்?" என்றார். நியாயமான கேள்வி. அது வெள்ளீயம், வேறு உலோகம். இது காரீயம். குழந்தைகளுக்கு இந்த அளவு வரை பாதுகாப்பு என்று சொல்லக்கூடிய அளவே காரீயத்துக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"வீட்ல எங்க வெச்சிருந்தீங்க?"

டிவி மேசையில். மூன்று வயதுப் பாப்பா எடுத்துத் தரையில் உருட்டி விளையாடுமாம். கலீனா மென்மையான கனிமம், உரசினாலே கருஞ்சாம்பல் பொடி உதிரும். பொடி விரலில், விரல் வாயில். காய்ந்த துணியால் துடைக்காமல் ஈரத் துணியால் மேசையையும் தரையையும் துடைக்கச் சொன்னேன். பாப்பாவின் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொன்னேன். இப்படிக் கல் வைத்திருக்கிற எல்லோருக்கும் இதுவேதான்: உடைக்காதீர்கள், அரைக்காதீர்கள், அடுப்பில் காட்டவே காட்டாதீர்கள்.

கல்லை மூடி போட்ட டப்பாவில் என்னிடமே விட்டுப் போனார். மறுநாள் காலை போன் வந்தது: "பாப்பாவுக்கு ரத்தம் குடுத்துட்டமுங்க சார். ரிசல்ட் வந்ததும் கூப்படறனுங்க."