செல்லுஞ்செலவு யார் கணக்கில்?

மஞ்சப்பையிலிருந்து மூன்று லாங் சைஸ் கணக்கு நோட்டுகளை எடுத்து என் மேஜைமேல் வைத்தார் அந்தப் பாஸ்டர். குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் பதினாறு வருடமாகச் சபை நடத்துகிறார். வருமான வரித் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அதற்குப் பதில் எழுதத்தான் மனைவியையும் அழைத்துக்கொண்டு காட்பாடியில் இருக்கும் என் ஆபீசுக்கு வந்திருந்தார். (ஊரும் அடையாளமும் மாற்றி எழுதுகிறேன்.)

வரவுப் பக்கத்தில் பிசகே இல்லை. 'பீடிக்காரப் பாட்டி 10.' 'ஷூ கம்பெனி தங்கச்சி தசமபாகம் 900.' 'பேர் தெரியாது 50.' செலவுப் பக்கத்தில் ஷெட் வாடகை, கரண்ட் பில், மைக் செட் ரிப்பேர், கிறிஸ்துமஸுக்கு விதவைகளுக்குக் கொடுத்த சேலை என எல்லாம் தேதியோடு இருந்தது. வீட்டுச் செலவு வரவேண்டிய இடத்தில் மட்டும் தொகை இல்லை. 'கர்த்தர் சந்தித்தார்' என்று எழுதியிருந்தார், அதாவது தேவையைக் கர்த்தரே பார்த்துக்கொண்டார் என்று. அடுத்த மாதமும் அப்படியே. நோட்டு முழுக்க அப்படியே.

"இது எவ்ளோ பாஸ்டர்?"

"அதை எப்படி சார் எழுதுறது? ஒவ்வொரு மாசமும் எப்படியோ நடந்துக்கினே வந்துச்சு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாஸ்டரம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. கைப்பையிலிருந்து பைபிளை எடுத்து, நடுவில் மடித்து வைத்திருந்த நகைக்கடன் சீட்டுகளை என் பக்கம் தள்ளினார். நான்கு சீட்டு. முதலில் அவர் அம்மா வீட்டில் போட்ட வளையல், கடைசியில் மகளுக்கென்று எடுத்து வைத்த செயின். "கர்த்தர் சந்திச்ச மாசம்லாம் இதுல இருக்குது சார்" என்றார். கோபமில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

இருபது வருடமாகச் சபைக் கணக்கும் ட்ரஸ்ட் கணக்கும் பார்க்கிறேன். ஊழியத்தில் திருடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அதை மறைக்கவில்லை. அவர்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. ஒரு ரூபாய் தொடாதவர்களின் கணக்குதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. லூக்கா 14:28ஐ வைத்துச் சீஷத்துவத்தின் விலையைப் பிரசங்கிக்காத கன்வென்ஷன் இல்லை. கோபுரம் கட்டப் போகிறவன் 'முன்பு உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப்பார்க்க' வேண்டும் என்பது அந்த வசனம். விலை கொடுப்பதைப் பற்றித் தொண்டை கட்டும்வரை பேசுகிறோம். உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதை விட்டுவிடுகிறோம்.

சிஎஸ்ஐ, லுத்தரன் போன்ற சபைகளில் ஐயருக்கு (போதகருக்கு) சம்பளம் உண்டு, தங்கக் குருமனை உண்டு. நான் சொல்வது சம்பளமில்லாமல் காணிக்கையை நம்பியே நடத்தும் விசுவாச ஊழியக்காரர்களைப் பற்றி. ஒடுகத்தூர், கே.வி.குப்பம், பேரணாம்பட்டு பக்கம் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் நாற்பது பேரை வைத்து சபை நடத்துகிறவர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்காவது நெஞ்சுவலி என்றால் முதல் போன் அவருக்குத்தான். குடித்துவிட்டு அடிக்கும் புருஷனிடம் போய்ப் பேசுகிறவரும் அவர்தான். ஊழியத்தின் நோக்கம் அந்த நாற்பது பேர். பாஸ்டர் வீடு பட்டினி கிடப்பது அந்த நோக்கத்தில் எந்தப் பகுதி என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள். அவர் தன் சுகத்தை விட்டால் அது தியாகம். கேட்காமலேயே மகளின் செயின் போனால் அதற்கு என் தொழிலில் கடன் என்று பெயர்.

வேலூர்க்காரர்களுக்கு, சிஎம்சி ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதை சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிரசவத்தில் தவித்த மூன்று பெண்களுக்கு உதவ முடியாமல் போன அந்த ஒரே இரவை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். அதற்குப் பிறகு அந்தம்மா பணத்துக்காக அலைந்ததை யாரும் சொல்வதில்லை. மருத்துவம் படித்து முடித்துவிட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் முன்பே ஆஸ்பத்திரி கட்ட அமெரிக்காவில் நன்கொடை திரட்டினார். மனைவி நினைவாக ஷெல் என்ற வங்கியாளர் 10,000 டாலர் கொடுத்தார். 1902ல் 40 படுக்கையோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது. நடுவில், 1900ல், வேலூருக்கு வந்த சில மாதங்களிலேயே அப்பாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அந்த விலையை அவரே கொடுத்தார். கட்டடத்தின் விலையை உட்கார்ந்து கணக்குப் பார்த்து, கேட்க வேண்டியவர்களிடம் வாய்விட்டுக் கேட்டார். 'ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்' என்ற வசனத்தைத் தன் குறிக்கோளாகக் கொண்ட சிஎம்சிக்கும் பில் புத்தகம் இருக்கிறது.

பாஸ்டருக்கு வந்த கடிதத்துக்கு வருகிறேன். காரணம் சாதாரணமானது. பிரசங்க பீடத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த கியூஆர் கோடு அவருடைய சொந்த அக்கவுண்ட். காணிக்கை அதில் விழுந்தால் சட்டத்தின் கண்ணுக்கு அது அவர் பணம். அன்பளிப்பு என்று சொன்னாலும், உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் வந்தது 50,000 ரூபாயைத் தாண்டினால் மொத்தமும் வருமானத்தில் சேரும். சபைக்கென்று வாங்கிய மூன்று சென்ட் மனையும் அவர் பெயரில்தான் இருந்தது. நல்ல மனதோடு செய்ததுதான். நாளைக்கு அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் மனை வாரிசுகளுக்குப் போகும், சபை வாசலில் நிற்கும். இப்படிப்பட்ட வழக்குகளில் உறவும் கெட்டு விசுவாசமும் கெட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ட்ரஸ்ட் ஒன்றைப் பதிவு செய்து, அதற்குத் தனி பான் கார்டு, தனி அக்கவுண்ட் எடுத்துவிடுங்கள். அதிலிருந்து தீர்மானம் போட்டு பாஸ்டருக்கு நியாயமான மாதச் சம்பளம் கொடுப்பதில் சட்டப்படி தப்பே இல்லை.

வெளிநாட்டு நண்பர் சொந்த அக்கவுண்டுக்கு ஊழியப் பணம் அனுப்புகிறேன் என்றால் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றுவிடுங்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) கீழ் பதிவில்லாமல் வாங்கக் கூடாது. 2020ல் அந்தச் சட்டத்தைத் திருத்திய பிறகு பதிவுள்ள அமைப்பும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்க வேண்டும். வாங்கியதை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. பெரிய அமைப்பு வழியாக மாத உதவி வாங்கிக்கொண்டிருந்த பல சின்ன ஊழியங்களின் அடுப்பு அந்த வருடம்தான் அணைந்தது.

பாஸ்டருக்கு வயது 53. அடல் பென்ஷனில் 40 வயதுக்குள் சேர்ந்திருக்க வேண்டும். 436 ரூபாயில் 2 லட்சம் தரும் பிரதமர் ஆயுள் காப்பீட்டுக்கு 50. இரண்டும் தாண்டிவிட்டது. வருடம் 20 ரூபாய் கட்டும் விபத்துக் காப்பீடு மட்டும் மிச்சம். பாஸ்டரம்மாவுக்கு 47 என்பதால் அவரை ஆயுள் காப்பீட்டிலும் சேர்த்தோம். குடும்ப வருமானம் வருடம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு எழுதிப் போடலாம், 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. உபதேசியார்களுக்கும் சபைப் பணியாளர்களுக்கும் அரசு நலவாரியமும் இருக்கிறது. சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் சிறுபான்மையினர் நலப் பிரிவில் விசாரியுங்கள். சந்தா கட்டினால் விசுவாசம் குறைந்துவிடும் என்று என்னிடம் வாதாடிய ஊழியக்காரர்கள் உண்டு. தர்மப்பணத்தைக் கொண்டுபோகும்போது யாரும் குற்றம் சொல்லக்கூடாதென்று பவுல் கூடவே ஆள் அனுப்பினார் (2 கொரி. 8). அவருக்கு விசுவாசம் கம்மியா?

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தச் சபையில் போய் உட்கார்ந்தேன். பாஸ்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நோட்டை வாசித்துக் காட்டினேன். "சம்பளம் வேணும்னு அவர் கேட்டாரா சார்?" என்றார் ஒரு மூத்த விசுவாசி. கேட்கவில்லை என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பீடிக்காரப் பாட்டி, "பதினாறு வருசமா நாங்களும் கேக்கலியே" என்றது. மாதம் 11,000 என்று தீர்மானம் எழுதினார்கள். எனக்குக் கம்மியாகத்தான் பட்டது. அவர்களால் முடிந்தது அவ்வளவு.

இந்த வருடம் நோட்டைக் கொண்டுவந்தார். வீட்டுச் செலவுக்கு நேரே 11,000 என்று தொகை இருந்தது. பக்கத்தில் பழக்க தோஷத்தில் 'கர்த்தர் சந்தித்தார்' என்றும் எழுதியிருந்தார். அடிக்கச் சொல்லவில்லை நான். மூன்று சீட்டைத் திருப்பிவிட்டார்கள். மகளின் செயின் மட்டும் இன்னும் பேங்கில் இருக்கிறது, ஏப்ரலில் வட்டி கட்டிப் புதுப்பிக்க வேண்டும்.