ஹெச்.பி. (ஹீமோகுளோபின் அளவு) 13 என்றால் ரத்தம் போகவில்லை என்று யார் சொன்னது?

இந்த வாரமும் எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரை, நாங்கள் சொல்லியும் கேட்காமல், கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரி மோதி வந்தவர். ஸ்கேனுக்கு அனுப்புவதற்குள் அவருடைய மச்சான் லேப் ரிப்போர்ட்டைக் காட்டி, "ஹெச்.பி. 13 இருக்குதே டாக்டர், எதுக்கு மறுபடியும் ஊசி குத்தறீங்க?" என்றார். மறுநாள் விடியற்காலை வயிறு உப்பித் திரும்பி வந்தார். மண்ணீரல் கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்து பிழைத்துக்கொண்டார். எல்லோருக்கும் அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

உடம்பில் எவ்வளவு ரத்தம் மிச்சமிருக்கிறது என்பதை ஹெச்.பி. சொல்லாது. இருக்கிற ரத்தம் எவ்வளவு கெட்டி என்பதை மட்டுமே சொல்லும். சொம்புப் பாலில் பாதியைக் கொட்டிவிட்டால் மீதிப் பால் நீர்த்தா போகும்? தண்ணீர் சேர்ந்தால்தான் நீர்க்கும். உடம்பும் அப்படித்தான். திசுக்களின் நீர் ரத்தக்குழாய்க்குள் இறங்கிய பிறகோ, நாங்கள் சலைன் ஏற்றிய பிறகோதான் ஹெச்.பி. குறையும். அதற்குச் சில மணி நேரம் ஆகும். முதல் ரிப்போர்ட்டை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள்.

அதனால்தான் லாக்டேட் பார்க்கிறோம். உடம்புக்கு ரத்தம் போதாதபோது ரத்தத்தில் ஏறும் பொருள் அது. பொதுவாக 2-க்குள் இருக்கும்; 4-ஐத் தாண்டினால் எங்களுக்குக் கவலை. குடித்திருந்தாலும் கொஞ்சம் ஏறும் என்பதால் ஒரே எண்ணை வைத்து முடிவு செய்வதில்லை. சிகிச்சை கொடுத்தும் இறங்கவில்லை என்றால், உள்ளே எங்கோ ரத்தம் போய்க்கொண்டிருக்கிறதா என்று தேடுவோம். ஒரு தடவைக்கு எடுப்பது சில மில்லிலிட்டர்தான். பெரியவர்கள் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. ரத்தத்தை உறிஞ்சுகிறார்கள் என்று நர்ஸிடம் சண்டை போடாதீர்கள்.

கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரியில் கல் விழுந்து தொடை நசுங்கியவர்களுக்கு, சிதைந்த தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் சி.பி.கே. என்ற நொதியைப் பார்ப்போம். அது 5,000-ஐத் தாண்டினால் சிறுநீரகம் பழுதாகும் அபாயம் கூடும். சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனால் உடனே சொல்லுங்கள். கிருமித்தொற்றைக் கண்டுபிடிக்கப் பார்க்கும் புரோகால்சிட்டோனின் என்ற ரத்த அளவு, அடிபட்டதாலேயே முதல் ஓரிரு நாள் ஏறும். இறங்கியது திரும்ப ஏறினால் கிருமித்தொற்றைச் சந்தேகிப்போம்.

அடிபட்டவர் வாயில் சோடாவோ காபியோ ஊற்றாதீர்கள். இதயத்துக்கு, பக்கவாதத்துக்கு என்று ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா? அட்டையோடு கொண்டு வாருங்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் எல்லா ரத்த ரிப்போர்ட்டும் எடுத்த நேரத்தோடு கூடவே போகட்டும். செலவுக்குப் பயந்து கிளம்புகிறவர்களே, தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், நடுராத்திரியானாலும் டியூட்டி டாக்டரை எழுப்பிக் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.