நம் குரலையே இரைச்சல் என்று நினைக்கும் இயர்பட்ஸ்

காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பாட்டு கணீர்னு கேக்குது சார். போன் பேசினா மட்டும், 'கெணத்துக்குள்ளேர்ந்து பேசுறியா'ன்னு கேக்குறாங்க. இயர்பட்ஸ் போயிடுச்சா?"

போயிருக்காது. பாட்டு கேட்கும்போது புளூடூத்தில் ஒலி ஒருவழியாக வருகிறது. அழைப்பு வந்தால் அதே பாதை இருவழியாகிறது. அப்போது தரம் இறங்கும்: பாட்டுக்கு நொடிக்கு 44,100 முறை ஒலியை அளப்பது வழக்கம் என்றால், அழைப்புக்குப் பெரும்பாலும் 16,000, பழைய கருவிகளில் 8,000. ஆகவே குரல் கொஞ்சம் மொண்ணையாகக் கேட்பது சகஜம். கிணறு சகஜமில்லை.

பட்ஸை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பல மாடல்களில் குண்டூசித் தலை அளவுக்கு இரண்டு ஓட்டைகள் தெரியும். இரண்டுக்குப் பின்னாலும் மைக். ஒன்று வாய்ப் பக்கம், இன்னொன்று பின்னால். இடைவெளி 2 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும் ஒலி அதைக் கடக்க 58 மைக்ரோநொடி ஆகும். ஒரு நொடியைப் பத்து லட்சமாக நறுக்கினால் அதில் 58 துண்டு!

எண்ணூர் விரைவுச் சாலையில் உங்கள் முதுகுக்குப் பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கிறது. அது முதலில் பின்மைக்கில் விழும், 58 மைக்ரோநொடி கழித்து முன்மைக்கில். உள்ளே இருக்கும் சிப், பின்மைக்கில் விழுந்ததை அதே 58 மைக்ரோநொடி பிடித்துவைத்து, முன்மைக்கில் விழுந்ததிலிருந்து கழிக்கிறது. இரண்டும் அச்சு அசலாக ஒன்று, ஹாரன் காலி. உங்கள் குரலோ முன்மைக்கில்தான் முதலில் விழுகிறது. ஏற்கெனவே 58 பிந்திய பின்மைக்கை இன்னும் 58 தள்ளினால் 116. ஒன்றோடொன்று பொருந்தாது, குரல் தப்பித்துவிடும். வெறும் கழித்தல்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

சரி, முன் ஓட்டையில் வியர்வையும் தூசியும் காய்ந்து அடைத்துக்கொண்டால்? உங்கள் குரல் பின்மைக்கில் பலமாகவும் முன்மைக்கில் மங்கலாகவும் விழும். 'இது பின்னாலிருந்து வரும் சத்தம்' என்று சிப் முடிவுகட்டி, அமுக்கிவிடும். கடற்காற்றிலும் வம்புதான். காற்று ஒவ்வொரு ஓட்டையின் வாயிலும் தனித்தனியாகச் சுழல்கிறது. இரண்டு மைக்கிலும் வேறு வேறு இரைச்சல் என்றால் எதிலிருந்து எதைக் கழிப்பது? பேசும் காதைக் காற்றுக்கு மறைவாகத் திருப்பிக்கொள்வதே நல்லது.

ஒரு பட்ஸைப் பெட்டியில் போட்டுவிட்டு மற்றதில் மட்டும் பேசிப் பாருங்கள். எது மக்கர் என்று தெரிந்துவிடும். அதன் ஓட்டையைக் கீழ்நோக்கிப் பிடித்து, உலர்ந்த, மென்மையான டூத் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஊசி வேண்டவே வேண்டாம், உள்ளே இருப்பது தலைமுடியைவிட மெல்லிய சவ்வு. வாட்ஸ்அப் அழைப்பில் மட்டும் கோளாறு என்றால், மைக் அனுமதியைப் பாருங்கள். அதுவும் சரி என்றால் போனில் பட்ஸின் புளூடூத் இணைப்பை அழித்துவிட்டு மறுபடி சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம், அரிசி டப்பா. நனைந்த கருவியை அரிசியில் புதைப்பது நம் வீடுகளில் கிட்டத்தட்ட ஒரு சடங்கு. காற்றோட்டமான இடத்தில் வைத்தாலே காயும். அரிசித் தூள் அந்த ஓட்டைகளில் புகுந்தால் அது இன்னொரு அடைப்பு.

வாசகரிடம் பிரஷ் வைத்தியம் சொன்னேன். மறுநாள் அவரே அழைத்தார். இடது பட்ஸின் முன் ஓட்டையில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்ததாம்.