ஈரல் துண்டில் எழுந்த நுரை

போன ஞாயிறு வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். உயர்தரம் படிக்கும் மருமகன் இரசாயனவியல் கொப்பியோடு குசினிக்குள் வந்து நின்றான். "மாமா, ஊக்கி சக்தி குடுக்கிறதாலதானே தாக்கம் வேகமா நடக்குது?" என்று கேட்டான்.

ஊக்கி என்றால் இரசாயனத் தாக்கத்தை, அதாவது ஒரு பொருள் வேறொன்றாக மாறுவதை, விரைவாக்கிவிட்டுத் தான் தீராமல் மிஞ்சும் பொருள். இல்லை என்று வாயால் மட்டும் சொல்லிவிட மனம் வரவில்லை. கறிக்கு வெட்டி வைத்திருந்த கோழி ஈரலில் ஒரு துண்டை எடுத்துக் கிளாசில் போட்டேன். காயம் கழுவவென்று அலுமாரியில் இருந்த 3 சதவீத ஐதரசன் பெரொக்சைட்டை அதன்மேல் ஊற்றினேன். ஊற்றின கையோடு சீறிக்கொண்டு வெள்ளை நுரை எழுந்தது. ஈர்க்கு ஒன்றைக் கொளுத்தி ஊதி அணைத்து, கனல் நுனியை நுரைக்குள் பிடிக்கச் சொன்னேன். மங்கிப்போன கனல் பளிச்சென்று பிரகாசித்தது. நுரைக்குள் இருந்தது ஒட்சிசன்.

அதே திரவம் போத்தலுக்குள் மாதக்கணக்கில் சும்மா கிடந்தது. தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் உடைவதுதான் அதன் இயல்பு. ஆனால் உடைவதற்கு மூலக்கூறு முதலில் ஒரு தடையைத் தாண்ட வேண்டும். அதற்கு வேண்டிய ஏவற்சக்தி மூலுக்கு (மூலக்கூறுகளை எண்ணும் பெரிய அலகு அது) ஏறத்தாழ 75 கிலோயூல். கொழும்பு வெக்கையில்கூட, அந்தளவு சக்தியோடு மோதும் வாய்ப்பு தோராயமாகப் பத்து இலட்சம் கோடியில் ஒன்றுதான். ஈரலில் உள்ள கற்றலேசு என்ற நொதியம், அதாவது உயிர்க்கலம் உண்டாக்கும் ஊக்கி, அந்தத் தடையை 25 கிலோயூலுக்கும் கீழே இறக்கிவிடுகிறது. 25 என்றே வைத்துக் கணக்குப் பார்த்தாலும், வாய்ப்பு இருபதாயிரத்தில் ஒன்றாகிவிடும். மூலக்கூறுகளிடம் இருந்த சக்தி கூடவில்லை; தேவைப்பட்ட சக்திதான் குறைந்தது.

தடை எப்படி இறங்குகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கற்றலேசு நான்கு பகுதிகள் சேர்ந்த ஒரு பெரிய புரதம். ஒவ்வொரு பகுதியின் உள்ளேயும், ஒடுங்கிய வழி ஒன்றின் முடிவில், ஓர் இரும்பு அணு இருக்கிறது. அங்கே வந்து சேரும் முதல் பெரொக்சைட்டு மூலக்கூறு தன் ஒட்சிசன் அணு ஒன்றை இரும்பிடம் விட்டுவிட்டுத் தண்ணீராகப் போய்விடும். இரண்டாவது மூலக்கூறு வந்து, அந்த ஒட்சிசனை எடுத்துக்கொள்ள, தண்ணீரும் ஒட்சிசன் வாயுவும் வெளியேறும். இரும்பு பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்ததற்குத் தயாராக நிற்கும். ஆக, ஊக்கி ஒதுங்கி நின்று உற்சாகப்படுத்துவதில்லை. தானே தாக்கத்தில் இறங்கி, பிணைப்பு உண்டாக்கி, கடைசியில் விடுபட்டுக்கொள்கிறது. கற்றலேசு மூலக்கூறு ஒன்று ஒரு செக்கனில் பல மில்லியன் பெரொக்சைட்டு மூலக்கூறுகளை இப்படி உடைக்கவல்லது. எங்கள் கலங்களுக்குள்ளும் இந்தப் பெரொக்சைட்டு ஓயாமல் உண்டாகிறது. தேங்கினால் கலத்துக்கே கேடு. அவ்வளவு வேகம் அதனால்தான் வேண்டியிருக்கிறது.

மருமகனுக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. நுரை அடங்கியதும் திரவத்தை வடித்துவிட்டு, அதே ஈரல் துண்டின்மேல் புதுப் பெரொக்சைட்டை ஊற்றச் சொன்னேன். மறுபடியும் நுரை. தீர்ந்துபோனது பெரொக்சைட்டுத்தான், நொதியம் அல்ல என்று அவனே சொன்னான்.

1835இல் சுவீடன் இரசாயனவியலாளர் பெர்சிலியஸ் இத்தகைய தாக்கங்களுக்கு ஊக்கல் என்ற பொருளில் பெயரிட்டார். உயிருள்ள கலம் இல்லாமலும் நொதியம் வேலை செய்யும் என்பதை 1897இல் எடுவர்ட் புக்னர் மதுவத்தை (யீஸ்ட்டை) அரைத்துப் பிழிந்த சாற்றைக் கொண்டு காட்டினார். 1907இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஊக்கி புரதமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பழைய டோர்ச் பற்றரிக்குள் இருக்கும் கறுப்புத் தூளில் உள்ள மங்கனீசு ஈரொட்சைட்டும் பெரொக்சைட்டை உடைக்கும். ஆனால் நடக்கவே முடியாத தாக்கத்தை எந்த ஊக்கியாலும் நடத்திவைக்க முடியாது.

கடைசியாக, இன்னொரு துண்டை நன்றாக அவித்து, ஆறவிட்டு, அதன்மேல் ஊற்றினோம். நுரையே இல்லை என்று சொல்லலாம். புரதச் சங்கிலி மடிந்திருக்கும் விதத்தால்தான் அந்த இரும்பைச் சுற்றியுள்ள குழி சரியாக அமைகிறது. வெப்பத்தில் மடிப்புக் குலைந்தால், அதே அணுக்கள் அங்கே இருந்தும் பயனில்லை.

மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளில் சூட்டால் நொதியத்தைக் குலைக்கும் இதே வேலையை நாள்தோறும் வேண்டுமென்றே செய்கிறார்கள். வாட்டிய கொழுந்தை உருட்டி நசுக்கும்போது கலங்கள் உடைந்து, உள்ளிருக்கும் நொதியம் கொழுந்தின் பொலிபீனோல்கள் என்ற சேர்வைகளைக் காற்றின் ஒட்சிசனோடு சேர்க்கிறது. பச்சை மாறிச் செம்பழுப்பாகிறது. நிறமும் மணமும் பதமானதும் சூடான காற்றில் உலர்த்தி நொதியத்தை நிறுத்திவிடுவார்கள். பச்சைத் தேயிலை என்றால் அந்தச் சூட்டை ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள். அக்கா பிளேன்டீ ஊற்றிக் கொண்டுவந்து வைத்தா. மருமகன் குடிக்காமல் கோப்பையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அந்தச் சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.