இரைதேர்தல்

எறும்புகள் புற்றைவிட்டு வெளியேறி, உணவை நாடி, தமக்கு ஏற்றதைத் தெரிந்து, கூட்டுக்குக் கொண்டுசேர்க்கும் செயல் முழுவதையும் ஆங்கிலத்தில் ‘ஃபோரேஜிங்’ என்பர். வைக்கோலையும் தீவனத்தையும் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்த இது, படையினர் குதிரைகளுக்காக ஊர்களில் புகுந்து தீவனம் திரட்டியதையும் சுட்டிய சொல்.

இதற்குத் தமிழில் ‘இரைதேடல்’ என்பதே பெருவழக்கு. அது பிழையன்று, ஆனால் ‘இரைதேர்தல்’ அதனினும் பொருந்தும். ‘தேர்’ என்னும் வினையில் நாடுதலும் ஆராய்தலும் தெரிந்தெடுத்தலும் ஒருங்கே அடங்குகின்றன. குறுந்தொகை சொல்லும் ‘கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி’ தேனைத் தேடுவதோடு அதை ஆராய்ந்தும் உண்பது. ‘இரை’ என்றால் கொன்று தின்னப்படும் உயிர் மட்டுமே என்று தயங்க வேண்டியதில்லை. கோழி பொறுக்கும் தானியமும் இரைதான். நம் வயிற்றுக்குள் இருப்பதும் இரைப்பைதான்.

அயலிடங்களில் புகுந்து பெருகும் ஊடுருவும் எறும்புகளைப் பற்றி எழுதும்போது இந்தத் ‘தேர்வு’ப் பொருள் இன்றியமையாததாகிறது. 2022இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலை அடிவார ஊர்களில் கால்நடைகளை மொய்த்துச் செய்தியான மஞ்சள் பைத்தியக்கார எறும்பு, கலைத்தால் திக்குத் தெரியாமல் தாறுமாறாக ஓடுவதால் அப்பெயர் பெற்றது. உணவு விஷயத்தில் அதற்குப் பைத்தியம் ஏதுமில்லை. இலைக்காம்பில் ஒட்டியிருக்கும் செதில்பூச்சி, மாவுப்பூச்சி, அசுவினி ஆகியவை கழிக்கும் தேன்போன்ற திரவத்தை அது உறிஞ்சிச் செல்கிறது. அந்தச் சர்க்கரை வேலைக்கார எறும்புகளின் ஓட்டத்துக்கு. பூச்சிகளையும் செத்த உயிர்களையும் தின்று பெறும் புரதம் பெரும்பாலும் முட்டையிலிருந்து வெளிவந்த எறும்புக் குஞ்சுகளான புழுக்களுக்கும் அரசிகளுக்கும். வளர்ந்த எறும்பு திடப்பொருளை விழுங்க இயலாது என்பதால், கடித்து எடுத்துவந்த துண்டைப் புழுவிடமே கொடுக்கிறது. ஆகவே, கூட்டில் புழுக்கள் பெருகும் காலத்தில் தேர்வும் புரதத்தின் பக்கம் சாய்கிறது.

இந்தியப் பெருங்கடலிலுள்ள ஆஸ்திரேலிய ஆட்சிப்பகுதியான கிறிஸ்துமஸ் தீவில் செதில்பூச்சிகளின் இனிப்பை உண்டு பல அரசிகளோடு பெருங்கூட்டங்களாகப் பெருகிய இதே எறும்பு, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சிக் கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றது. அதை ஒழிக்க அங்கு 2002இல் ஹெலிகாப்டரிலிருந்து தூவப்பட்ட, ஃபிப்ரோனில் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த உருண்டைகள் புரதம் மிகுந்த மீன்தூளால் செய்யப்பட்டவை.

தூண்டிலில் கோப்பதையும் ‘இரை’ என்றே சொல்லும் தமிழில், இவ்வுருண்டைகளை ‘நச்சிரை’ எனலாம். அர்ஜென்டினா எறும்புக்கு நச்சிரை சர்க்கரைக் கரைசல். எண்ணெய்ப் பசையை விரும்பும் தென்னமெரிக்க நெருப்பெறும்புக்கோ சோயா எண்ணெயில் ஊறிய மக்காச்சோளக் குருணை. எந்த நஞ்சாயினும் மெதுவாகவே வேலை செய்ய வேண்டும். தின்ற எறும்பு உடனே மடிந்துவிட்டால், கூட்டத்தோடு பகிர்வதற்கென உணவைத் தேக்கிவைக்கும் தன் ‘பொது இரைப்பை’யில் அது சேமித்ததை வாயோடு வாய் வைத்துப் பகிர வழியின்றி, அரசி தப்பிவிடும்.