கால் வலிக்கு நரம்புத் தடுப்பு ஊசி: அனுமதி கேட்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நாள்பட்ட கால் வலிக்கு, வலியைக் கடத்தும் நரம்பருகே மருந்து செலுத்தும் ‘நெர்வ் பிளாக்’ எனப்படும் நரம்புத் தடுப்பு ஊசியை மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் பலருக்கு அலைச்சலே தொடங்குகிறது. செலவை ஏற்பது அரசுத் திட்டமாயினும் தனியார் காப்பீடாயினும், அனுமதி தரும் முன் மாத்திரையும் இயன்முறைச் சிகிச்சையும் சில வாரங்கள் பலனளிக்கவில்லை என்பதற்குச் சான்று கேட்பது வழக்கம். மாதக்கணக்கில் சிகிச்சை எடுத்தும், தேதியிட்ட சீட்டைப் பத்திரப்படுத்தாத ஒரே காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊசி போட்ட அன்றே வீடு திரும்பலாம் என்பதால், ‘மருத்துவமனையில் தங்கவில்லை’ என்று செலவை மறுப்பதும் உண்டு; ஆகவே எந்தப் பிரிவில் செலவுக்கு ஒப்புதல் தரப்படுகிறது என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்ன ‘சரி’, பில் வரும்போது யாருக்கும் நினைவிருப்பதில்லை.

இவற்றைவிடப் பெரிய இழப்பு ஊசிக்குப் பிறகு நேர்கிறது. முதல் ஊசி பல நேரங்களில் வலியைத் தீர்ப்பதற்கன்று, வலி எந்த நரம்பிலிருந்து வருகிறது என்று கண்டறிவதற்கே போடப்படுகிறது. அதிலுள்ள மரப்பு மருந்து சில மணி நேரமே வேலை செய்யும். அந்த நேரத்தில் வலி பாதிக்கு மேல் குறைந்தால் சரியான நரம்பைத் தொட்டுவிட்டதாகப் பொருள். நான் உடன் சென்ற ஒரு பெண்மணி, ஊசி போட்ட மாலை ஆறு மணி வரை வலியின்றி நடந்தார். மறுவாரம் மருத்துவமனையில் ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்டபோது ‘வலி திரும்ப வந்துவிட்டது’ என்றார். கோப்பில் ‘பயனில்லை’ என்று ஒரே சொல் ஏறியது, அடுத்தகட்ட சிகிச்சைக்கான விண்ணப்பம் அதைக் காட்டியே மறுக்கப்பட்டது. ஊசிக்கு முன்பும் பின்பும் மணிக்கொரு முறை வலிக்குப் பூஜ்யம் முதல் 10 வரை மதிப்பெண் எழுதி, நடந்து பார்த்து, அதையும் குறித்து, அந்தத் தாளின் நகலைக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்தால் அதன் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும், இடையில் வலி சற்றுக் கூடவும் செய்யலாம். பலன் கிடைத்தாலும் அது சில வாரங்களோ மாதங்களோதான் நீடிக்கும்.

ஸ்கேன் அல்லது எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ஊசி போடுவதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆவது அரிது. கால் மரத்துத் தளர்ந்துவிடும் என்பதால் தனியாக வராதீர்கள், அன்று வண்டி ஓட்டாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்; தாமாக நிறுத்தவும் கூடாது. ஸ்டீராய்டு போட்டால் சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும். சம்மதப் படிவத்தை வாசலில் அவசரமாக நீட்டினாலும், எந்த நரம்பு, என்ன மருந்து, மாற்று வழி என்ன என்று கேட்டறிந்த பிறகே கையெழுத்திடுங்கள். அது சலுகையன்று, உங்கள் உரிமை. காய்ச்சல் வந்தாலோ, மரப்பு தெளிய வேண்டிய நேரம் கடந்தும் காலில் பலம் திரும்பாவிட்டாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, அடுத்த சந்திப்புத் தேதிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.