லைவ் ஆல்பம்னா நேரலை இல்லைங்க

லைவ் ஆல்பம்ங்கிறத தமிழ்ல "நேரலைத் தொகுப்பு"ன்னு எழுதுறத பாக்குறேன், அது பொருந்தவே இல்லைங்க. நேரலைன்னா நடக்குறப்பவே டிவியிலயோ யூடியூப்லயோ நம்மகிட்ட வந்து சேர்றது. லைவ் ஆல்பம் அப்படியா, மேடையில ஜனங்க முன்னாடி வாசிச்சத ரெக்கார்ட் பண்ணி, மிக்ஸிங் எல்லாம் முடிச்சு, மாசக்கணக்குல கழிச்சு கூட வெளியிடுவாங்க. இங்க லைவ்ங்கிறது ஸ்டுடியோவுக்கு எதிர்ப்பதம்.

ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் வின்டன் மார்சாலிஸும் ராக் கிடார் கலைஞர் எரிக் கிளாப்டனும் சேர்ந்து போட்ட ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்கள்கிட்ட பிறந்த இசை) ஆல்பத்தையே எடுத்துக்கோங்க. நியூயார்க்ல ஜாஸ் அட் லிங்கன் சென்டர் அரங்கத்துல வாசிச்சது 2011 ஏப்ரல்ல, ஆல்பம் வந்தது செப்டம்பர்ல. பாட்டெல்லாம் பெரும்பாலும் கிளாப்டன் தேர்வு, அத ஜாஸ் குழுவுக்கு ஏத்த மாதிரி அமைச்சது மார்சாலிஸ். 1920கள்ல சிகாகோவ கலக்குன கிங் ஆலிவரோட ஜாஸ் பேண்ட மனசுல வச்சு ரெண்டு ட்ரம்பெட், கிளாரினெட், ட்ராம்போன், பாஞ்சோன்னு ஆள் சேர்த்து நடுவுல ப்ளூஸ் கிடார விட்டிருக்காங்க. 1970ல ராக் பாட்டா வந்த கிளாப்டனோட லைலா, இந்தக் குழுவுல பாஸ் வாசிச்ச கார்லோஸ் ஹென்ரிக்கேஸ் ஆசைப்பட்டு கேட்டதால சேர்ந்தது, அத நியூ ஆர்லியன்ஸ் சாவு ஊர்வலத்துல வாசிக்கிற மாதிரி மெதுவா இழுத்து இழுத்து வாசிக்கிறாங்க பாருங்க, கூட்டத்தோட கைதட்டலோட சேர்த்து கேக்கணும், அப்பதான் லைவ்ங்கிற சொல்லுக்கு அர்த்தமே புரியும்.

ஆல்பம் லத்தீன் சொல். ஆல்பஸ்னா வெள்ளை, ரோம்ல பொது அறிவிப்பு எழுதுற வெள்ளைப் பலகைக்கு ஆல்பம்னு பேரு. அப்புறம் நண்பர்கள்கிட்ட எழுதி வாங்குற வெத்து நோட்டு, போட்டோ ஒட்டுற புக்குன்னு அர்த்தம் நகந்துகிட்டே வந்துச்சு. பாட்டுக்கு எப்படி வந்துச்சுன்னா, பழைய 78 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 78 தடவ சுத்துற) இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நாலு நிமிஷம்தான் பிடிக்கும், அதனால பெரிய இசைன்னா பல தட்டுகள உறை போட்டு போட்டோ ஆல்பம் மாதிரியே பைண்ட் பண்ணி வித்தாங்க. 1948ல எல்பின்னு ரொம்ப நேரம் ஓடுற இசைத்தட்டு வந்து எல்லாம் ஒரே தட்டுல அடங்கியும் பேரு மாறல.

தமிழ்ல ஆல்பத்துக்கு இசைத்தொகுப்பு ஏற்கனவே புழக்கத்துல இருக்கு. லைவுக்கு "கச்சேரிப் பதிவு" நல்லாவே ஒட்டும், ஆனா கச்சேரியே உருது வழியா வந்த சொல்தான். தனித்தமிழ்தான் வேணும்னா "அரங்கிசைத் தொகுப்பு"ன்னு எழுதுங்க, அதுல மேடையும் இருக்கு, எதிர்ல உக்காந்திருக்கிற ஜனமும் இருக்கு.